நீச்சல் தெரியாதவர்களுக்குக் கண்ணாடித் தளப் படகு: பவளப்பாறையும் மூழ்கிய கப்பலும் உண்மையில் தெரியுமா?

கரையோரம் எழுதியது:

வணக்கம். அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, நீச்சல் தெரியாது. ஆனால் கடலுக்கு அடியில் இருப்பதை ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று வெகு நாளாக ஆசை. முகமூடி மாட்டித் தண்ணீரில் முகம் புதைப்பது அவரால் முடியாத காரியம். அதனால் கண்ணாடித் தளப் படகில் அழைத்துப் போகலாம் என்று பார்க்கிறேன். பவளப்பாறை, மூழ்கிய கப்பல் இரண்டையும் ஒரே பயணத்தில் காட்டுவதாகச் சில இடங்களில் சொல்கிறார்கள். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்: விளம்பரப் படத்தில் இருப்பதுபோல் தெரியுமா? அவர் ஏமாந்து திரும்பிவிடக் கூடாது, அதுதான் என் கவலை.

உப்புக்காற்று எழுதியது:

நேர்மையாகச் சொல்கிறேன், படத்தில் இருப்பதுபோல் தெரியாது. நான் போன பயணத்தில் பச்சை கலந்த நீலத் தண்ணீருக்குக் கீழே பழுப்பு பழுப்பாகக் கட்டிகள், இங்கும் அங்கும் கோடு போட்ட மீன்கள். மூழ்கிய கப்பல் என்று காட்டியது ஒரு இருண்ட திட்டு. பக்கத்தில் இருந்தவர்கள் 'எங்கே, எங்கே' என்று கேட்டுக்கொண்டே இருக்கும்போதே படகு நகர்ந்துவிட்டது. விளம்பரத்தில் சிவப்பும் ஊதாவுமாகப் பவளம். மனசு கசந்துவிட்டது.

நீரொளி எழுதியது:

உப்புக்காற்று பார்த்தது உண்மைதான். ஆனால் அதற்குப் படகைக் குறை சொல்வதைவிடத் தண்ணீர் ஒளியை என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு போனால், அதே காட்சி வேறாகத் தெரியும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கண்ணாடி எதற்கு? வெளியிலிருந்து கடலைப் பார்த்தால் ஏன் அடி தெரிவதில்லை என்றால், மேற்பரப்பு ஓயாமல் அசைகிறது, வானத்தின் வெளிச்சம் அதில் பட்டுத் தெறிக்கிறது. ஒரு தட்டையான கண்ணாடியைத் தண்ணீரோடு ஒட்டி வைத்துவிட்டால் அந்த அசைவு போய்விடுகிறது. கடற்பஞ்சு (ஸ்பாஞ்ச்) எடுப்பவர்கள் அடியில் கண்ணாடி பதித்த வாளியைத் தண்ணீரில் அழுத்தி வைத்துக்கொண்டு, படகில் இருந்தபடியே பஞ்சைத் தேடுவார்கள். கிரேக்கத் தீவுகளிலும் பஹாமாஸிலும் இது பழைய வழக்கம். கண்ணாடித் தளப் படகு அந்த வாளியைப் பெரிதாக்கியதுதான். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் சில்வர் ஸ்பிரிங்ஸ் என்ற தெளிந்த ஊற்றில் 1870களின் பிற்பகுதியிலேயே இப்படிப் படகு விட ஆரம்பித்துவிட்டார்கள்.

இப்போது நிறம். வெயிலில் உள்ள சிவப்பைத் தண்ணீர் முதலில் விழுங்கிவிடும், பிறகு ஆரஞ்சு, மஞ்சள். கடைசிவரை போவது நீலம். முதல் ஐந்து மீட்டரிலேயே சிவப்பின் பெரும்பகுதி போய்விடும். இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு: படகில் இருந்து பார்க்கும்போது ஒளி இரண்டு மடங்கு தூரம் நடக்கிறது. ஐந்து மீட்டர் ஆழத்தில் உள்ள பவளத்துக்கு வெயில் இறங்க ஐந்து மீட்டர், அங்கிருந்து உங்கள் கண்ணுக்கு ஏற ஐந்து மீட்டர். ஆக மொத்தம் பத்து மீட்டர் தண்ணீரில் வடிகட்டிய நிறத்தைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். முக்குளிப்பவர் பவளத்துக்கு ஒரு முழம் தள்ளி நிற்கிறார், அவருக்கு இறங்கும் தூரம் மட்டும்தான். விளம்பரப் படம் எடுத்தவரோ கையில் பளிச்சென்ற விளக்கும் கொண்டுபோயிருப்பார். அதனால் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே அந்தப் பவளத்துக்கு நியாயம் இல்லை.

தூரமும் ஏமாற்றும். நேர் மேலிருந்து பார்த்தால் தண்ணீரில் இருப்பது உண்மை ஆழத்தில் முக்கால் பங்கில்தான் இருப்பதுபோல் தோன்றும். எட்டு மீட்டரில் கிடப்பது ஆறு மீட்டரில் கிடப்பதுபோல. இது நமக்குச் சாதகம், மீன் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். பாதகமும் ஒன்று உண்டு. கண்ணாடி வழியாக எவ்வளவு சாய்த்துப் பார்த்தாலும், தண்ணீருக்குள் உங்கள் பார்வை நேர்கீழ்க் கோட்டிலிருந்து ஏறக்குறைய 48 டிகிரிக்கு மேல் விரியாது. ஐந்து மீட்டர் ஆழத்தில் சுற்றிலும் ஐந்தரை மீட்டர் அளவுதான், அதிலும் ஓரங்கள் நசுங்கித் தெரியும். தூரத்தில் ஆமை போகிறது என்று படகோட்டி கத்தினால் அது கண்ணாடியில் தெரியாது, படகு அதன் மேல் போக வேண்டும்.

கரையோரம் எழுதியது:

நீரொளி சார், இப்படி யாரும் சொல்லித் தந்ததில்லை. மிக்க நன்றி. அப்படியானால் எந்த நேரத்தில் போவது நல்லது? படகில் எங்கே உட்காருவது?

நீரொளி எழுதியது:

வெயில் உச்சிக்கு வரும் நேரமே ஒளிக்கு நல்லது, சாய்ந்த வெயில் மேற்பரப்பிலேயே நிறையத் தெறித்துவிடும். ஆனால் பல கரைகளில் மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்துவிடும். அலை வந்தால் அடி மணல் கலங்கும், படகும் ஆடும். அதனால் வெயில் நன்றாக ஏறி, காற்று இன்னும் எழாத முற்பகலைத் தேர்ந்தெடுங்கள். மழை பெய்து ஆற்று நீர் கடலில் கலந்திருந்தால் இரண்டு மூன்று நாள் தள்ளிப் போடுங்கள். நீர்மட்டம் ஏறும் நேரத்தில் வெளிக்கடலின் தெளிந்த நீர் பாறைப் பக்கம் வரும், வற்றும் நேரத்தில் கரையோரக் கலங்கல் வெளியே வரும். பெரும்பாலான இடங்களில் இது பொருந்தும். உள்ளூர்ப் படகோட்டியிடம் கேட்டால் இன்னும் சரியாகச் சொல்வார்.

உட்காரும் இடம்: கூரை நிழல் கண்ணாடியின்மேல் விழும் பக்கம். கண்ணாடியின் மேல்பக்கத்தில் வானம் பிரதிபலித்தால் கீழே உள்ள மங்கலான காட்சி அழிந்துபோகும். குனிந்து உங்கள் நிழலையே கண்ணாடியில் விழவிட்டாலும் தெளிவு கூடும். குளிர்கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். சில படகுகளில் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் பிளாஸ்டிக் இருக்கும், சில வகைக் குளிர்கண்ணாடிகளால் அந்தத் தளத்தைப் பார்த்தால் வானவில்போல் பட்டை பட்டையாகத் தெரியும்.

படகு ஓடும்போது கண்ணாடிக்கு அடியில் குமிழிகள்தான் ஓடும். இஞ்சினை நிறுத்திப் படகை மிதக்க விடும்போதுதான் காட்சி.

உப்புக்காற்று எழுதியது:

நான் போன படகு எங்குமே நிற்கவில்லை. மெதுவாக ஓடிக்கொண்டே இருந்தது. அப்போது காரணம் புரியவில்லை, இப்போது புரிகிறது.

பாய்மரம் எழுதியது:

மூழ்கிய கப்பல் பற்றி நான் சொல்கிறேன், எனக்கு இதில் பைத்தியம் உண்டு.

பாய்மரம் நிற்க, சக்கரம் சுழல, முழுக் கப்பல் ஒன்று அடியில் படுத்திருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால் வெப்பக் கடலில் அது கிடைக்காது. மரக் கப்பலைக் கப்பல்புழு தின்றுவிடும். பெயர் புழு என்றாலும் அது மரத்தைத் துளைத்து வாழும் சிப்பி இனம். சில பத்தாண்டுகளில் மணலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரம் எல்லாம் போய், கப்பல் நிலைகுலையாமல் இருக்க அடியில் அடுக்கிய பாரக்கற்களின் குவியலும் நங்கூரமும் பீரங்கியும்தான் மிஞ்சும். இரும்புக் கப்பலில் மெல்லிய தகடுகள் முதலில் துருப்பிடித்து விழும். கொதிகலன்கள் கனமான தகட்டில் செய்தவை, அதனால் கடைசிவரை நிற்கும்.

எனவே கண்ணாடியில் கப்பலைத் தேடாதீர்கள், நேர்கோட்டைத் தேடுங்கள். பவளப்பாறையில் நேர்கோடு இல்லை, முழு வட்டம் இல்லை, சம இடைவெளியில் அடுத்தடுத்து வரும் எதுவும் இல்லை. மங்கலான திட்டுக்குள் இணையாக ஓடும் வரிகள் தெரிந்தால் அது கப்பலின் விலா எலும்பு, அதாவது உடலைத் தாங்கும் சட்டங்கள். பெரிய உருளை தெரிந்தால் கொதிகலன். இதை ஒருமுறை கண் பிடித்துவிட்டால் அப்புறம் திட்டு முழுவதும் கப்பலாக எழுந்து நிற்கும். உப்புக்காற்று அவர்களே, நீங்கள் பார்த்த இருண்ட திட்டிலும் அது இருந்திருக்கலாம்.

முழு உருவம் பார்க்க ஆசையா? குளிர்ந்த நன்னீர் ஏரிகளுக்குப் போக வேண்டும். அங்கே கப்பல்புழு கிடையாது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் டோபர்மோரி என்ற ஊரின் துறைமுகத்தில் 'ஸ்வீப்ஸ்டேக்ஸ்' என்ற பாய்மரக் கப்பல் கிடக்கிறது. 1867-ல் கட்டியது, 1885-ல் மூழ்கியது. ஏறக்குறைய ஆறு மீட்டர் ஆழம்தான், உடல் பெரும்பாலும் முழுசாக இருக்கிறது. கண்ணாடித் தளப் படகுகள் அதன் மேலேயே போய் நிற்கின்றன. பக்கத்திலேயே 1907-ல் தீப்பிடித்து மூழ்கிய 'சிட்டி ஆஃப் கிராண்ட் ராபிட்ஸ்' நீராவிக் கப்பல். ஆனால் அங்கே பவளம் இல்லை.

பவளமும் கப்பலும் சேர்ந்து வேண்டுமென்றால் பெர்முடா நல்ல உதாரணம். 'எச்.எம்.எஸ். விக்சன்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை 1896-ல் ஒரு கால்வாயை அடைப்பதற்காக அவர்களே மூழ்கடித்தார்கள். முன்பகுதி இன்றும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. அரூபா தீவின் அருகே 'அன்டில்லா' என்ற ஜெர்மன் சரக்குக் கப்பல், ஏறக்குறைய 120 மீட்டர் நீளம். 1940 மே மாதம் எதிரி கையில் சிக்கக் கூடாது என்று அதன் மாலுமிகளே மூழ்கடித்தது. ஆழம் குறைவான இடம் என்பதால்தான் இவை எல்லாம் மேலிருந்து தெரிகின்றன. செங்கடலில் 1941-ல் மூழ்கிய 'திஸ்டில்கார்ம்' உலகப் புகழ் பெற்றது, ஆனால் அது கிடப்பது முப்பது மீட்டர் ஆழத்தில். அது முக்குளிப்பவர்களுக்கு மட்டும்தான். பத்து மீட்டரைத் தாண்டிய கப்பலைக் காட்டுகிறோம் என்று யாராவது சொன்னால், அன்றைய நீர் எவ்வளவு தெளிவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. போரில் மூழ்கிய கப்பலாக இருந்தால் அதில் ஆட்கள் இறந்திருக்கலாம். அமெரிக்காவின் பேர்ல் ஹார்பர் துறைமுகத்தில், 1941-ல் ஜப்பானியத் தாக்குதலில் மூழ்கிய 'அரிசோனா' போர்க்கப்பலின் மேலேயே நினைவிடம் கட்டி, மேலிருந்து பார்க்க விடுகிறார்கள். 1,177 பேர் அதில் இறந்தார்கள், இன்றும் எண்ணெய் சொட்டுச் சொட்டாக மேலே வருகிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஒலிபெருக்கியில் பாட்டுப் போடும் படகில் நான் ஏற மாட்டேன்.

பவளக்காடு எழுதியது:

கடல் உயிரியல் படிக்கிறேன். நிறம் பற்றி நீரொளி அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பவளத்தில் பெரும்பாலானவை பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் பழுப்பும் பச்சையும்தான்! அதன் திசுக்குள் வாழும் ஒற்றைச் செல் பாசியின் நிறம் அது. வெயிலை வைத்து உணவு தயாரித்து, பெரும்பங்கைப் பவளத்துக்குத் தருவது அந்தப் பாசி. அதனால் பழுப்பு என்றால் ஆரோக்கியம். பயப்பட வேண்டியது பளீர் வெள்ளையைப் பார்த்துத்தான்.

வழக்கமான கோடைக்கால உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி செல்சியஸ் கூடி, அது சில வாரங்கள் நீடித்தாலே பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடும். வெளுத்துப் போன பவளம் உடனே செத்துவிடுவதில்லை, நீர் சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கும். செத்தது வெள்ளையாக நீடிக்காது, சில வாரங்களில் மேலே பாசி படர்ந்து அழுக்குப் பச்சையாகிவிடும். உலக அளவில் வெளுத்தல் நான்காவது முறையாக நடக்கிறது என்று 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். எனவே படகிலிருந்து வெள்ளைத் திட்டு தெரிந்து, பக்கத்தில் இருப்பவர் 'ஆஹா, எவ்வளவு அழகு' என்றால் தயவுசெய்து அது என்ன என்று சொல்லிக்கொடுங்கள். ஒரு சிறு எச்சரிக்கை: மான்கொம்புப் பவளத்தின் கிளை நுனி வெள்ளையாக இருப்பது இயல்பு, அது வளரும் முனை.

வளர்ச்சி பற்றியும் அம்மாவுக்குச் சொல்லுங்கள். உருண்டையான மூளைப் பவளம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அல்லது அதற்கும் குறைவாகத்தான் வளரும். ஒரு ஆள் கட்டிப்பிடிக்கும் அளவு உருண்டை தெரிந்தால், அது அம்மாவைவிட மூத்ததாகக்கூட இருக்கலாம். மான்கொம்புப் பவளம் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேலும் வளரும், ஆனால் ஒரு நங்கூரம் விழுந்தால் நொறுங்கிவிடும்.

பாய்மரம் அண்ணாவிடம் ஒரு சின்ன மாறுபாடு. மூழ்கிய கப்பல் பவளத்துக்கு வீடாகும் என்று பொதுவாக எல்லோரும் நம்புகிறார்கள். எப்போதும் அப்படி இல்லை. பசிபிக் கடலின் பல்மைரா பவளத்தீவில் 1991-ல் ஒரு மீன்பிடிக் கப்பல் மூழ்கியது. அதைச் சுற்றிப் பவளத்தின் உறவினமான ஒரு மென்னுயிரி கட்டுப்பாடில்லாமல் பரவி, உயிருள்ள பவளத்தை மூடியது. இரும்பு மிகக் குறைவாக உள்ள தெளிந்த கடலில் துருவிலிருந்து கசியும் இரும்பு இதற்குத் துணைபோயிருக்கலாம் என்கிறார்கள். கடைசியில் அந்தக் கப்பலைத் துண்டு துண்டாக வெட்டி அகற்ற வேண்டியதாயிற்று.

பாய்மரம் எழுதியது:

பல்மைரா விஷயம் சரி. ஆனால் அதை வைத்து எல்லாக் கப்பலையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம். அங்கே கப்பல் விழுந்தது உயிருள்ள பாறையின் மேல். வெறும் மணல் தரையில் கிடக்கும் பழைய கப்பலின் கதை வேறு. ஒட்டிக்கொள்ளக் கெட்டியான இடமே இல்லாத பரப்பில் அதன் மேல்தான் கடற்பஞ்சும் மென்பவளமும் வருகின்றன, நிழலில் மீன் கூட்டம் தங்குகிறது. அதோடு, நூறாண்டுக்கு மேல் நீருக்கடியில் கிடப்பவற்றைப் பண்பாட்டுச் சின்னமாகக் காக்க யுனெஸ்கோ 2001-ல் ஓர் உடன்படிக்கையே கொண்டுவந்தது. முடிந்தவரை கிடக்கும் இடத்திலேயே விட்டுவைப்பதுதான் அதன் முதல் தேர்வு. அகற்றுவது என்பது கடைசி வழியாக இருக்கட்டும்.

பவளக்காடு எழுதியது:

மணல் தரை என்றால் ஒப்புக்கொள்கிறேன் அண்ணா. பாறையின் மேல் புதிதாக விழுந்தது என்றால் சீக்கிரம் எடுக்க வேண்டும் என்பதில் நான் மாற மாட்டேன்.

சிறுதுளி எழுதியது:

கரையோரம், அம்மாவின் வயதைக் கேட்டதும் எனக்கு வேறு கவலை. கண்ணாடித் தளப் படகில் குமட்டல் வர வாய்ப்பு அதிகம். சமநிலையை உணரும் உட்காது 'ஆடுகிறோம்' என்கிறது, கண்ணோ கீழே வேறு திசையில் ஓடும் தரையைப் பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததுதான் காரணம். குனிந்து பார்ப்பதால் இன்னும் கூடும். எங்கள் அத்தையை அழைத்துப் போனபோது நாங்கள் செய்தது இதுதான்: படகு ஓடும்போது தலை நிமிர்ந்து தொடுவானத்தைப் பார்க்கச் சொன்னோம், நின்ற பிறகு மட்டும் கீழே பார்த்தார். நடுவே கண் வலித்தால் மறுபடி தொடுவானம். கடைசிவரை உற்சாகமாக வந்தார். புகை அடிக்காத பக்கமாக, படகின் நடுப்பகுதியில் உட்கார வையுங்கள், அங்கேதான் ஆட்டம் குறைவு. வெறும் வயிறும் வேண்டாம், முட்ட உண்ட வயிறும் வேண்டாம். குமட்டல் மாத்திரை என்றால் அவருடைய மற்ற மருந்துகளோடு சேருமா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டு, ஏறுவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். குமட்டல் வந்தபின் கொடுத்தால் பெரிதாகப் பயனில்லை.

முட்டி வலி இருந்தால் ஏறும் இடத்தைக் கேளுங்கள். மேடையிலிருந்து நேராகக் கால் வைக்கலாமா, தண்ணீரில் இறங்கி ஏணி ஏற வேண்டுமா என்பதே முதல் கேள்வி.

அலைநுரை எழுதியது:

கைபேசியில் படம் எடுப்பவர்களுக்கு: லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள், ஃபிளாஷை அணையுங்கள், சுற்றி ஒரு கருப்புத் துணியைப் போர்த்துங்கள். நீல நிறத்தைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம். ஆனால் முதல் முறை போகிறவர்கள் கைபேசியை உள்ளே வைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது, நிற்கும் நேரம் கொஞ்சம்தான்.

கரையோரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், மூளைப் பவளத்தின் வயதைக் கேட்டதும் 'அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்' என்கிறார். இரண்டு கேள்விகள். பாதி மூழ்கிய படகு என்று ஒன்று விளம்பரத்தில் பார்த்தேன், பக்கவாட்டில் ஜன்னல் வைத்தது. அது இன்னும் நன்றாக இருக்குமா? இன்னொன்று, பவளத்துக்குக் கேடு செய்யாத படகை எப்படி அடையாளம் காண்பது?

நீரொளி எழுதியது:

அது முழுதாக மூழ்காது, பயணிகள் நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள அறையில் உட்காருவார்கள். மேலிருந்து மீனின் முதுகைப் பார்ப்பதற்குப் பதில் பக்கத்திலிருந்து முழு மீனையும் பார்க்கலாம். சரிவாக இறங்கும் பாறைக்கு அது மிகப் பொருத்தம், கப்பலின் உயரமும் அதில்தான் புரியும். ஆனால் உள்ளே இறங்கும் படிகள் பொதுவாகச் செங்குத்து, அறை குறுகல், காற்றோட்டம் குறைவு. அம்மாவுக்கு முட்டி வலியோ மூடிய இடத்தில் பயமோ இருந்தால் கண்ணாடித் தளமே மேல்.

பவளக்காடு எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு: 'எங்கே, எதில் கட்டி நிறுத்துவீர்கள்' என்று கேளுங்கள். நிலையான மிதவையில் கட்டுவோம், அல்லது இஞ்சினை அணைத்து மிதக்க விடுவோம் என்றால் நல்லது. பாறையின் மேல் நங்கூரம் போடுபவர்களைத் தவிர்த்துவிடுங்கள். மீனுக்கு ரொட்டி போட்டுக் காட்டுவோம் என்பவர்களையும்தான். ரொட்டி போட்டால் கண்ணாடிக்குக் கீழே கூட்டம் சேரும், பார்க்க விறுவிறுப்பாகவும் இருக்கும். ஆனால் பாறைமேல் பாசியை மேய்ந்து பவளத்துக்கு இடம் ஒழித்துக் கொடுக்க வேண்டிய மீன்கள் வேலையை விட்டுவிட்டுப் படகுக்குக் காத்திருக்கப் பழகிவிடும். கிளிமீன் பாறையைக் கடிக்கிற சத்தம் தண்ணீருக்குள் கேட்கும், அதை நீங்கள் கேட்க முடியாது என்றாலும் பார்க்க முடியும்: கடித்த இடத்தில் வெள்ளைக் கீறல் விழுந்திருக்கும். அம்மாவிடம் அதைக் காட்டுங்கள்.

படகு ஓடும் இடத்தின் ஆழத்தையும் கேளுங்கள். படகை உந்தும் விசிறிக்கும் பாறைக்கும் நடுவே போதிய நீர் இல்லாத வற்று நேரத்தில் படகை விடுபவர்களிடம் ஏறாதீர்கள்.

உப்புக்காற்று எழுதியது:

கரையோரம், போய் வந்ததும் இங்கே எழுதுங்கள். நிறுத்தி மிதக்க விடும் படகாகப் பார்த்து நானும் இன்னொரு முறை போகப் போகிறேன். பாய்மரம், இருண்ட திட்டில் விலா வரிகளைப் பிடிக்க முடிந்தால் உங்களுக்குத்தான் முதலில் சொல்வேன்.

பாய்மரம் எழுதியது:

காத்திருக்கிறேன். இருவரும் ஏறுவதற்கு முன் அந்தக் கப்பலின் பெயரையும் அது எந்தப் பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது என்பதையும் படகோட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முன்பகுதி எந்தத் திசை என்று தெரிந்தால் கண்ணாடிக்குள் கப்பல் வந்தவுடனே கண் பிடித்துக்கொள்ளும்.